சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே

சிராங்கூன் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவர் டாக்டரிடம், "அக்கா, இந்த பஸ்ஸு ஜூரோங் பக்கம் போவுமா?" என்று கேட்டார். இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகள். வேறு யாராக இருந்தாலும் 'போகும்னு நினைக்கிறேன்' என்றோ, 'எதிர்ப்பக்கம் நின்னு பாருங்க' என்றோ சொல்லியிருப்பார்கள். நானும் அப்படி ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் டாக்டர், "தெரியாதுங்க" என்றார்.

அந்த மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. ஆளை விரட்டுவதற்குத்தான் நாம் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். டாக்டர் விரட்டவில்லை. வழித்தடங்கள் எழுதிய பலகைக்கு முன்னால் போய் நின்று, மேலிருந்து கீழாக ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். எங்கள் பேருந்து வந்தது, போனது. அடுத்ததும் போனது. "இங்க நிக்கிறது எதுவும் போகாது. அந்தத் திருப்பத்துக்கு அப்பால இன்னொரு ஸ்டாப் இருக்கு, வாங்க பாத்துரலாம்" என்று சொல்லி அவருடைய ஒரு பையையும் வாங்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அவரை நான் கடைசிவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "நீங்க சொன்னதுல பாதி சரியான்னு எனக்குத் தெரியாது" என்று பதில் வரும். மதுரைக்காரர். நான் பழகிய காலத்தில் நாற்பதைத் தொட்டிருந்தார். மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் வேலை. அறுவைச் சிகிச்சையில் வெட்டியெடுத்த சதையை மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, இது புற்று, இது இல்லை என்று எழுதிக் கொடுப்பார். நான் இந்த ஊரிலேயே, செங்காங் பக்கம் வளர்ந்து, ஒளியியல் படித்துப் பொறியாளர் ஆனவள். வாரத்தில் இரண்டு நாள் அவர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவார். மூன்று ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். இப்போது அவர் வேறு நாட்டில் இருக்கிறார்.

அவரிடம் இல்லாத சொற்களை ஒருமுறை என் குறிப்பேட்டில் பட்டியல் போட்டேன். இருக்கலாம். அநேகமாக. பெரும்பாலும். அப்படித்தான் தோணுது. இவற்றில் ஒன்றைக்கூட அவர் சொல்லிக் கேட்டதில்லை. அவரிடம் இருந்தவை இரண்டுதான்: தெரியும், தெரியாது. முதலாவதைச் சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டாவதைச் சொன்னால் வேலை ஆரம்பிக்கும்.

சிராங்கூன் சாலைச் சந்தையான தேக்கா நிலையத்தின் உணவுக்கடைகளில் அவர் பிரபலம். இறால் சாப்பிட்டால் அவருக்கு உதடு வீங்கிவிடும்.

"இந்தச் சம்பல்ல எறா இருக்கா?"

"இருக்காது லா, டாக்டர்."

"இருக்காதா, இல்லையா?"

"என்னா டாக்டர், கோர்ட்டுல கேக்கிற மாதிரி கேக்கிறீங்க! வெறும் மொளகாதான்."

"நீங்களா அரைச்சீங்க?"

"வைஃப் அரைச்சாங்க."

"அப்ப அவங்களக் கேளுங்க."

பின்னால் நின்ற வரிசை முனகியது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு மனைவிக்குத் தொலைபேசி போட்டார். பேசப்பேச அவர் முகம் மாறியது. "கொஞ்சூண்டு பிளாச்சான் போட்டாங்களாம்" என்றார் மெதுவாக. பிளாச்சான் என்பது இறாலைப் புளிக்க வைத்து இடித்துச் செய்வது. டாக்டர் கோபப்படவில்லை, வெற்றிச் சிரிப்பும் சிரிக்கவில்லை. "தேங்க்ஸ்ங்க. அப்ப தயிர் சாதம் குடுங்க" என்றார்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாத சமயங்களும் உண்டு. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி முக்கியமான தேர்வு எழுதிவிட்டு வந்து, "பாஸ் ஆயிருவேன்ல டாக்டர்?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றார். அவள் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். டாக்டருக்கு உண்மையாகவே புரியவில்லை. "நான் என்ன தப்பா சொன்னேன்? அவ எழுதுன பேப்பர நான் பாக்கவே இல்லையே" என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

நான் அந்த ஆய்வில் சேர்ந்ததற்குக் காரணம் என் சித்தி, அம்மாவின் தங்கை. தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார். மார்பில் ஒரு கட்டி, எடுத்துவிட்டார்கள். எடுத்த கட்டியைச் சுற்றி நல்ல சதை ஒரு விளிம்பாவது இருக்க வேண்டும். விளிம்பிலேயே புற்று செல் இருந்தால், உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்துச் சொல்ல ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் கழித்துச் சித்தியைக் கூப்பிட்டு, ஓரத்தில் இருக்கிறது, மறுபடி திறக்க வேண்டும் என்றார்கள். முதல் அறுவைக்குச் சித்தி தாமே பை தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவதற்கு என் கையை விடவே இல்லை.

நோயாளி மேசையில் இருக்கும்போதே, வெட்டியெடுத்த கட்டியின் ஓரத்தைச் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லும் கருவியைத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்தோம். ராமன் படமாக்கல் என்று பெயர். சதையின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அநேகமாக எல்லா ஒளியும் போன நிறத்திலேயே திரும்பும். மிகமிகச் சிறிய பங்கு மட்டும் நிறம் கொஞ்சம் மாறித் திரும்பும். எவ்வளவு மாறுகிறது என்பது அங்கே இருப்பது கொழுப்பா, புரதமா, செல்லின் கருவா என்பதைப் பொறுத்தது. சாயம் வேண்டாம், ஊறவைக்க வேண்டாம். ஒவ்வொரு புள்ளியாக அளந்து, புள்ளிகளுக்கு நிறம் கொடுத்தால் படம் கிடைக்கும்: புற்று சிவப்பு, நல்லது பச்சை. எந்த அளவு எந்த நிறம் என்று கணினிக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் டாக்டர். நாங்கள் லேசரில் பார்த்து முடித்த பிறகு அதே சீவலுக்குச் சாயம் ஏற்றி, திரையில் பெரிதாக்கி வைப்போம். அவர் மின்பேனாவால் புற்றைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போடுவார். நல்ல சதையைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு.

இரண்டு கோடுகளும் ஒட்டவே ஒட்டாது. எல்லாப் படங்களிலும் நடுவே ஒரு சந்து இருக்கும். சில இடங்களில் மயிரிழை அகலம், சில இடங்களில் விரல் அகலம்.

"டாக்டர், இதை யாருக்கு விட்டு வெச்சிருக்கீங்க?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"யாருக்கும் இல்ல. அங்க என்னன்னு எனக்குத் தெரியாது."

"ஒரு கெஸ் பண்ணுங்களேன்."

அவர் மின்பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கெஸ் வேணும்னா என்னை எதுக்கு வெச்சிருக்கீங்க? நீங்களே பண்ணலாமே."

பிறகு நான் அதையே செய்தேன். அதற்கு வருமுன் சித்தி டாக்டரைச் சந்தித்ததைச் சொல்ல வேண்டும்.

ரவிக்கை தைக்க நல்ல கடை வேண்டும் என்று டாக்டர் கேட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் அழைத்துப்போனேன். சித்தி அளவெடுத்துக்கொண்டே, எல்லாரிடமும் கேட்பதுபோல் அவரிடமும் கேட்டார். "டாக்டரம்மா, எனக்கு ரெண்டு தடவை வெட்டி எடுத்தாங்க. இப்ப ஒண்ணும் இருக்காதுல்ல?"

நான் டாக்டரின் பின்னால் நின்று கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் பயன் இல்லை.

"எனக்குத் தெரியாதுக்கா."

அளவு நாடா சித்தியின் கையில் அப்படியே நின்றது. "கை எவ்ளோ நீளம் வேணும்?" என்று பிறகு கேட்டார். கீழே இறங்கும்போது நான் வெடித்துவிட்டேன். "ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னா டாக்டர்? பாவம், அவங்க எவ்ளோ பயந்துட்டாங்க தெரியுமா?"

"அவங்க ரிப்போர்ட்டு வீட்டுல இருக்குமா?" என்றார் டாக்டர். "அவங்க சம்மதிச்சா எனக்கு அனுப்பச் சொல்லுங்க."

சித்தி சம்மதித்தார், முறைத்துக்கொண்டே. அடுத்த ஞாயிறு டாக்டர் தாமாகவே கடைக்கு வந்து, வெட்டுமேசைக்கு எதிரே உட்கார்ந்தார். ரவிக்கை வெட்டும் பழுப்புத் தாளில் ஒரு வட்டம் போட்டார். "இது உங்க ரெண்டாவது ஆபரேஷன்ல எடுத்த துண்டு. இதோட வெளி ஓரத்துல மை பூசிருவோம். அந்த மையிலேருந்து உள்ள எவ்ளோ தள்ளி கடைசி புற்று செல்லு இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. நாடாவக் குடுங்க." சித்தியின் நாடாவைத் தாளில் வைத்து நகத்தால் குறித்துக் காட்டினார். "இவ்ளோ."

சித்தி குனிந்து பார்த்தார். "தையலுக்கு வெளிய துணி விடுற மாதிரியா?"

"விடுவீங்களா?"

"விடாம? சரியா அளவோட வெட்டினா தையல் எங்க போடுறது? கொஞ்சம் வெளிய விட்டுத்தான் வெட்டணும். இல்லாட்டி கிழிஞ்சுக்கும்."

"அதேதான்க்கா. மொத தடவ துணி விடாம வெட்டிட்டாங்க. ரெண்டாவது தடவ நல்லா விட்டிருக்காங்க. இது எனக்கு இப்பத் தெரியும். ஆனா உடம்புல வேற எங்கயும் இல்லையான்னா தெரியாது. அதுக்குத்தான் வருசா வருசம் ஸ்கேனுக்கு வரச் சொல்றது. போறீங்களா?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் சித்தியைப் பார்த்தேன்.

"கடையில வேலைம்மா… எல்லாரும்தான் ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னாங்க. சரி, அப்புறம் எதுக்குப் போயி பயந்துக்கிட்டுன்னு…"

அந்த 'எல்லாரும்' யார் யார் என்று எனக்குத் தெரியும். என் அம்மா, இரண்டு மாமாக்கள், பக்கத்துக் கடைப் பூக்காரம்மா, அப்புறம் நான். எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னவள் நான்தான். மறுநாளே சித்தி தேதி வாங்கினார். போனார். அந்த முறை படத்தில் எதுவும் இல்லை என்று வந்தது. டாக்டருக்கு அடுத்த ரவிக்கையின் முதுகில் கேட்காமலே ஒரு மணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். டாக்டருக்கு அது பிடித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இவ்வளவும் கண்முன் நடந்த பிறகுதான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

கருவியை அறுவை அரங்குக்குள் கொண்டுபோக மருத்துவமனை நாள் குறித்திருந்தது. அதற்கு முன் எங்கள் படங்களை ஒரு குழு பார்க்கும். எங்கள் பேராசிரியருக்குப் படங்களில் இருந்த சந்து பிடிக்கவில்லை. நடுவில் ஓட்டை விழுந்த நிலப்படம்போல இருக்கிறதே என்றார். எனக்கும் பிடிக்கவில்லை. கருவி சீக்கிரம் உள்ளே போனால், சித்தியைப்போல இன்னொருத்தர் இரண்டாவது முறை படுக்க வேண்டியிருக்காது. அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது முக்கியமாகத் தெரியவில்லை. உட்கார்ந்து பதினோரு வரி நிரல் எழுதினேன். சந்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், பக்கத்தில் எந்த நிறம் அருகில் இருக்கிறதோ அந்த நிறத்தைக் கொடுத்துவிடும். 'சுத்தம் செய்தல்' என்று கோப்புக்குப் பெயர் வைத்தேன்.

படங்கள் அழகாகிவிட்டன. சிவப்பு முடியும் இடத்தில் பச்சை ஆரம்பித்தது, கத்தியால் வெட்டியதுபோல. சோதனையிலும் மதிப்பெண் ஏறியது. ஏறாமல் என்ன? சோதனைக்கு வைத்திருந்த விடைகளையும் அதே பதினோரு வரிதான் நிரப்பியிருந்தது. கணினி டாக்டரோடு ஒத்துப்போகவில்லை. என்னோடு ஒத்துப்போனது.

குழு கூடுவதற்கு ஒரு வாரம் முன் டாக்டர் என் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். கையில் காப்பிக் குவளை.

"இந்த எடத்துல நான் ஒண்ணும் போடலயே" என்றார். "பச்சையா இருக்கு. யாரு போட்டது?"

பொய் சொல்ல இரண்டு மூன்று வழி இருந்தது. மென்பொருள் தானாகச் செய்தது என்று சொல்லலாம். பேராசிரியர் சொன்னார் என்று சொல்லலாம், அதில் பாதி உண்மையும் இருந்தது. "நான்தான், டாக்டர்" என்றேன்.

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தெரியல. பக்கத்துல பச்சை இருந்துச்சு, அதனால…"

அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. என்னன்னு பாத்துரலாம்" என்றார். எந்தெந்தக் கட்டிகளில் சந்து அகலமாக இருந்ததோ அவற்றை என்னிடம் எழுதி வாங்கினார். அந்தக் கட்டிகளிலிருந்து அதே இடத்துக்கு அடுத்த சீவல்களை எடுத்து, புற்று செல்களை மட்டும் பழுப்பாக்கிக் காட்டும் வேறொரு சாயம் ஏற்றச் சொன்னார். நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் தம் நுண்ணோக்கியில் என்னை உட்கார வைத்தார். நான் பச்சை பூசிய இடத்தில், நல்ல சதைக்குள், பழுப்புச் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போயிருந்தன. ஒரு கட்டியில் மட்டுமில்லை. வேறு சில இடங்களில் நான் சிவப்பு பூசியது வெறும் வீக்கமாக இருந்தது.

கருவி அப்படியே அரங்குக்குள் போயிருந்தால், சித்தியினுடையதைப் போன்ற ஓரத்துக்கும் பச்சை என்றே சொல்லியிருக்கும். அதை டாக்டர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

பேராசிரியருக்கு நானே கடிதம் எழுதினேன்: என்ன செய்தேன், எந்தெந்தப் படங்கள், எந்தெந்த எண்கள் பொய். நாள் தள்ளிப்போனது. ஒரு மாதம் பேராசிரியர் என்னிடம் ஒற்றைச் சொற்களில்தான் பேசினார். அந்த மாதம் முழுவதும் டாக்டர் மதிய உணவுக்கு என் மேசைக்கு வந்து, "வாங்க, பசிக்குது" என்று கூப்பிட்டார். அதற்கு மேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

அந்த மாதத்தில்தான் சந்துக்குள் இருந்த அளவுகளை முதன்முதலாகத் தனியாக எடுத்துப் பார்த்தேன். அதுவரை அது வெற்றிடம் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம், டாக்டர் உட்பட. பார்த்தால், அந்தப் புள்ளிகள் சிவப்பைப்போலவும் இல்லை, பச்சையைப்போலவும் இல்லை, கன்னாபின்னாவென்றும் இல்லை. அவற்றுக்கென்று ஒரு சாயல் இருந்தது. டாக்டரின் கண் தடுமாறிய இடங்களைக் கணினியும் அடையாளம் காண முடியும்.

"மூணாவது கலர் ஒண்ணு குடுக்கலாம் டாக்டர். சாம்பல். 'எனக்குத் தெரியாது'ன்னு மெஷினே சொல்லட்டும்."

அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "சர்ஜன் கையில கத்தியோட நிக்கிறப்ப தெரியாதுன்னு சொல்லுவீங்களா? தூக்கி வெளிய போட்டுருவாங்க. நான் கோடு போடாம விட்டது அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்கறதாலதான்."

"பண்ண முடியும். புற்று இருந்தாலும் இல்லாட்டியும் உடம்புல அந்த எடத்துல மட்டும் இன்னொரு சின்னச் சீவல் எடுக்கச் சொல்லலாம். தெரியாதுன்னா நீங்க சும்மாவா இருக்கீங்க? போய் போர்டப் படிக்கிறீங்கல்ல, அந்த மாதிரி."

"தெரியாதுன்னு சொல்ற மெஷின யாரும்மா வாங்குவா?"

"உங்களை வேலைக்கு வெச்சிருக்காங்களே."

"உங்களத் தவிர என் கூட யாரும் சாப்பிட வரமாட்டேங்கறாங்களே, அதப் பாக்கலயா?" என்றார். தம்மைப் பற்றி அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சாம்பல கொஞ்சம் அடர்த்தியா வைங்க. இது வெள்ளை மாதிரி தெரியுது" என்றார்.

மறுபடி எல்லாவற்றையும் செய்து முடிக்க ஏழெட்டு மாதம் ஆயிற்று. மதிப்பெண் முன்பைவிடக் குறைவு. படங்களில் சாம்பல் திட்டுகள். குழு முகம் சுளித்தது, கேள்வி கேட்டது, கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது: முன்கூட்டியே சம்மதித்த நோயாளிகளிடம் மட்டும், சிவப்போ சாம்பலோ தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு சீவல் கூடுதலாக எடுக்கலாம். முடிவான தீர்ப்பு எப்போதும்போல் நுண்ணோக்கிதான்.

முதல் இரண்டு நோயாளிகளுக்கும் ஓரம் முழுக்கப் பச்சை. மூன்றாமவரின் கட்டியைச் சுழற்றிச் சுழற்றிப் படமெடுத்தபோது, ஒரு பக்கத்தில் நகக்கண் அளவுக்குச் சாம்பல் வந்தது. அறுவை மருத்துவர் முகக்கவசத்துக்கு மேலாக எங்களைப் பார்த்தார். இருக்கிறதா இல்லையா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் ஆங்கிலத்தில். நான் இருக்கிறது என்று சொல்ல ஆசைப்பட்டேன், எங்கள் கருவிக்காக. இல்லை என்று சொல்லவும் ஆசைப்பட்டேன், மேசையில் இருந்தவருக்காக.

தெரியாது, அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன் என்றார் டாக்டர், அதே ஆங்கிலத்தில்.

மருத்துவர் ஒரு மூச்சு விட்டார். எடுத்தார். அட்டைபோன்ற ஒரு சீவல், சின்னக் குப்பிக்குள் போனது.

ஆறு நாள். அந்த ஆறு நாளில் நான் செய்தவை: சித்தியின் கடையில் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினேன், செங்காங்கிலிருந்து பொங்கோல் வரை இரண்டுமுறை நடந்தேன், டாக்டரிடம் எதுவும் கேட்காமல் இருந்தேன். ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் தம் அறைக்கு என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியைக் காட்டினார். அந்தச் சீவலின் உட்பக்கத்தில் பழுப்புச் செல்கள், ஒரு சிறு கொத்து. வெளிப்பக்கம், மை பூசிய ஓரம் வரைக்கும், எதுவும் இல்லை. சீவலை எடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் கொத்து உள்ளேயே இருந்திருக்கும். கட்டியின் ஓரத்திலும் செல்கள் இருந்ததால், இன்று தொலைபேசி போயிருக்கும், மறுபடி வரச் சொல்லி. டாக்டர் அறிக்கையில் கடைசி வரியைத் தட்டச்சு செய்து, இரண்டுமுறை படித்து, அனுப்பினார். மறு அறுவை தேவையில்லை.

மதியம் ஆய்வுக்குழுவின் தாதி மேலே வந்தார். எங்கள் மூன்றாம் நம்பர் அம்மா முடிவு கேட்க வந்திருந்தார் என்றார். திரும்பவும் வெட்டுவார்கள் என்று தாமாகவே முடிவு செய்து, துணிமணி எல்லாம் அடுக்கிய பெட்டியோடு, கணவரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாராம். வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னதும், "அப்ப இந்தப் பெட்டிய என்னா பண்றது?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

"பெட்டில என்ன இருந்துச்சாம்?" என்றார் டாக்டர்.

"நான் கேக்கலயே, டாக்டர்" என்றார் தாதி. "ஆனா கீழ லாபியிலதான் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பிஸ்கட் எடுத்து எல்லாருக்கும் குடுக்குறாங்க."

டாக்டர் எழுந்தார். பதினைந்து ஆண்டுகளாக அவர் பார்த்ததெல்லாம் கண்ணாடித் தகடுகள். அவற்றுக்குரிய மனிதர்களைப் போய்ப் பார்ப்பது அவர் வேலையில் இல்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். நான் பின்னால் இறங்கினேன்.

அறுபது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. காலடியில் திறந்த பெட்டி, அதில் மடித்த கைலிகள், சுடுநீர்க் குடுவை, புதுச் செருப்பு ஒரு சோடி. மடியில் பெரிய தகர டப்பா. பக்கத்தில் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்காதவர்போல் எங்கோ பார்த்தார். டாக்டர் போய் எதிரே நின்றார். யார் என்று சொல்லவில்லை. என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்ததாகவும் இல்லை. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, டப்பாவை நீட்டினார். டாக்டர் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

"என்னாம்மா ஒண்ணு? ரெண்டு மூணு எடுத்துக்க" என்றார் அந்த அம்மா. "ஒரு வாரத்துக்குன்னு வாங்குனது."